பார்மட் அடிக்கும் முன்

வீட்டுக் கணினித் திரையின் வலது கீழ் மூலையில் திடுமென வந்து நிற்கும் பெட்டிகள் பலவற்றுக்கும் வைரஸுக்கும் சம்பந்தமே கிடையாது. என்றோ ஒருநாள் ஏதோ ஓர் இணையதளம் ‘அறிவிப்பு அனுப்பலாமா?’ என்று கேட்டிருக்கும். வீட்டில் யாரோ அவசரத்தில் ‘அலவ்’ என்பதை அமுக்கியிருப்பார்கள். அந்த ஒரு சொடுக்கை வைத்துக்கொண்டு அந்தத் தளம் நாள் முழுக்கச் செய்தி அனுப்புகிறது: ‘உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்’, ‘ஆன்டிவைரஸ் இன்றோடு முடிகிறது’, ‘உங்கள் வங்கிக் கணக்குக்கு ஆபத்து’. பிரவுசரில் அந்தத் தளத்தைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. வேர்ட் கோப்பில் கடிதம் தட்டச்சு செய்துகொண்டிருந்தாலும் பெட்டி வந்து நிற்கும்.

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வட்டாரத்தில் இதற்குச் சொல்லப்படும் வைத்தியம் பெரும்பாலும் ஒன்றுதான். சிபியுவைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்குப் போவது, ‘பார்மட் அடித்து’ வாங்கி வருவது. கன்னியாகுமரி மாவட்டத்தில் பிள்ளைகள் வளைகுடாவிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்க, ஓய்வுபெற்ற தாயும் தகப்பனும் மட்டும் இருக்கிற வீடுகள் ஏராளம். அங்கிருந்து போகிற போன் ஏறக்குறைய இப்படி இருக்கும்: “மக்கா, கம்ப்யூட்டர்ல என்னமோ வந்து வந்து நிக்கு. தொட்டா எல்லாம் அழிஞ்சிருமோ?” தொட்டால் எதுவும் அழியாது. பார்மட் அடித்தால்தான் அழியும். பேத்தியின் முதல் பிறந்தநாள் படங்கள், நிலப் பத்திரத்தின் ஸ்கேன், பென்ஷன் ஆவணங்கள் எல்லாம் டெஸ்க்டாப்பிலேயே கிடந்தால், அவை சி டிரைவோடு போய்விடும். அதற்குப் பிறகும் தொல்லை திரும்பி வரலாம். தொல்லை செய்வது பிரவுசரில் ஏறிய எக்ஸ்டென்ஷன் என்ற துணை நிரலாக இருந்தால், புதிய விண்டோஸில் குரோமைப் போட்டு அதே கூகுள் கணக்கில் நுழைந்து ‘சிங்க்’ வசதியைப் போட்டதும் அதுவும் பின்னாலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே முதலில் செய்ய வேண்டியது, பெட்டி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது.

இப்படித் தாவி வரும் பெட்டிகளுக்கு முன்னோடியான பாப்-அப் பிறந்தது 1990களின் பிற்பகுதியில். டிரைபாட் என்ற அமெரிக்க இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தம் பக்கத்தை வைக்கலாம். கார் நிறுவனம் ஒன்றின் விளம்பரம் ஓர் ஆபாசப் பக்கத்தில் போய் உட்கார, நிறுவனம் கொதித்தது. பக்கத்தோடு ஒட்டாமல் விளம்பரத்தைத் தனிச் சன்னலில் காட்ட அங்கே வேலை செய்த ஈதன் சக்கர்மேன் ஒரு நிரல் எழுதினார். 2014இல் ‘தி அட்லாண்டிக்’ இதழில் அதற்காக அவர் வெளிப்படையாக மன்னிப்பும் கேட்டார். தனிச் சன்னலாகத் தாவும் அந்தப் பழைய பாப்-அப்பைப் பிரவுசர்கள் பெரிதும் அடக்கிவிட்டன. 2004இல் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக்குடன் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கே தடுப்பான் வந்துவிட்டது. வாசல் அடைபட்டதும் சன்னல் தேடியவர்களுக்கு 2015 நல்ல காலம். அந்த ஆண்டு ஏப்ரலில் வந்த குரோம் 42ஆம் பதிப்பு, மூடிய இணையதளமும் பயனருக்கு அறிவிப்பு அனுப்பலாம் என்று வசதி செய்து கொடுத்தது. மின்னஞ்சலுக்கும் செய்தித்தாளுக்கும் உதவ வந்த வசதி அது. மோசடிக்காரர்களுக்கும் அதே கதவு திறந்தது.

அனுமதி எப்படிப் பிடுங்கப்படுகிறது என்பதைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். பிளஸ் டூ ரிசல்ட் நாள். அரசின் தளம் கூட்டத்தில் திணறுகிறது. வீட்டில் பதற்றம். தேடலில் அடுத்து வந்த ஏதோ ஒரு தளம் திறக்கிறது. வெள்ளைப் பக்கம், நடுவில் ஒரு ரோபோ படம், ‘நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிசெய்ய அலவ் அமுக்கவும்’ என்று ஒரு வரி, அதிலிருந்து இடது மேல் மூலையைக் காட்டும் ஓர் அம்புக்குறி. அம்பு காட்டும் இடத்தில் இருப்பது பிரவுசர் கேட்கும் உண்மையான அனுமதிப் பெட்டி. அதற்கும் ரோபோ சோதனைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. உண்மையான ரோபோ சோதனை எதுவும் ‘அலவ்’ அமுக்கச் சொல்வதில்லை.

இந்த மாவட்டத்துக்கென்று இன்னொரு வழியும் உண்டு. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிச் சீட்டுக்குத் தடை. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். அங்கே 1967 முதல் அரசே லாட்டரி நடத்துகிறது. பிற்பகல் குலுக்கல் முடிந்ததும் எண்களைத் தேடுகிறவர்கள் எல்லைக்கு இந்தப் பக்கமும் இருக்கிறார்கள். கேரள லாட்டரித் துறைக்கு அதிகாரபூர்வத் தளம் உண்டு. ஆனால் தேடலில் அதைப் போலவே பெயர் வைத்த தனியார் பக்கங்களும் வரிசையாக வந்து நிற்கும். எண்ணைக் காட்டுவதற்குள் நாலு பொத்தான்களை அமுக்க வைக்கிற பக்கம் எதுவானாலும் அதிலிருந்து வெளியேறிவிடுவதே நல்லது. புதுப்படத்தை ஓசியில் காட்டும் தளங்களும் பிடிஎப்பை வேர்டாக மாற்றித் தருவதாகச் சொல்லும் ஊர்பேர் தெரியாத தளங்களும் இதே ரகம்.

2011 கணக்கெடுப்பின்படி எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதல் மாவட்டம் கன்னியாகுமரி, 91.75 சதவீதம். பாப்-அப் மோசடிக்கு அது தடையாக இருப்பதில்லை. எச்சரிக்கை என்றால் நின்று வாசிக்கிற, வாசித்ததை மதிக்கிற ஆளைத்தான் மோசடி தேடுகிறது. ஏமாந்தவரை ‘விவரம் தெரியாதவர்’ என்று ஏசுவதில் நியாயமே இல்லை. அந்த ஏச்சுக்குப் பயந்துதான் பலர் விஷயத்தைப் பிள்ளைகளிடமிருந்து மறைக்கிறார்கள், நஷ்டமும் வளர்கிறது.

பெட்டியில் எழுதியிருக்கும் பெயர்

மூலையில் வரும் பெட்டியை மூடிவிடும் முன் ஒரு நிமிடம் உற்றுப் பார்க்க வேண்டும். மேலே கேடயப் படமும் சிவப்பு எழுத்தும் கண்ணைப் பறிக்கும். அவற்றை விட்டுவிட்டு, ஓரத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்க வேண்டும். குரோம் அல்லது எட்ஜ் என்று பிரவுசரின் பெயர் இருக்கும். கூடவே அனுப்பிய தளத்தின் முகவரி இருக்கும். கேடயத்தை மோசடிக்காரர் தம் விருப்பப்படி வரைந்துகொள்ளலாம். முகவரியைப் போடுவது பிரவுசர்; அதில் அவரால் கை வைக்க முடியாது. மெக்காஃபி என்றோ மைக்ரோசாஃப்ட் என்றோ மேலே எழுதியிருந்து, கீழே வாயில் நுழையாத ஒரு முகவரி இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிட்டது. அந்த முகவரியை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.

பிறகு குரோமின் வலது மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு செட்டிங்ஸ், அதில் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’, அதில் ‘சைட் செட்டிங்ஸ்’, அதில் ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’. அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் அங்கே இருக்கும். முதல்முறை பார்க்கிறவர்கள் அதன் நீளத்தைக் கண்டு மலைத்துப் போவார்கள். தாளில் எழுதிய பெயரைக் கண்டுபிடித்து நீக்க வேண்டும். அதோடு நிறுத்தாமல், வீட்டில் யாருக்கும் தெரியாத பெயர்கள் அத்தனையையும் நீக்கிவிடலாம். ஜிமெயில் போன்ற ஓரிரண்டு தவிர வேறு எதற்கும் இந்த அனுமதி தேவைப்படாது. அதே பக்கத்தில் எந்தத் தளமும் இனி அறிவிப்பு அனுப்பக் கூடாது என்று மொத்தமாக மூடும் தேர்வும் இருக்கிறது. பெற்றோர் மட்டும் புழங்கும் கணினியில் அதைப் போட்டுவிடுவது உத்தமம். எட்ஜிலும் ஃபயர்பாக்ஸிலும் சொற்கள் கொஞ்சம் மாறும், வழி இதுவேதான். ஹிஸ்டரியை மட்டும் அழித்துவிட்டுத் தீர்ந்தது என்று இருந்துவிடக் கூடாது. அனுமதி தனியாக இருக்கிறது. அது அப்படியே இருக்கும்.

பல வீடுகளில் விஷயம் இந்த ஐந்து நிமிட வேலையோடு முடிந்துவிடும்.

திரை முழுக்கச் சைரன்

இரண்டாவது வகை பயமுறுத்துவதற்கென்றே செய்யப்பட்டது. ஒரு விளம்பரத்தைத் தொட்டதும் திரை முழுவதையும் ஒரு பக்கம் அடைத்துக்கொள்ளும். ‘விண்டோஸ் டிஃபெண்டர்’ போலவே நீல நிறம், ஸ்பீக்கரில் சைரன், ஆங்கிலத்தில் ஒரு பெண் குரல், உடனே கூப்பிடச் சொல்லி 1800இல் தொடங்கும் ஓர் எண். சில பக்கங்கள் காவல் துறையின் சின்னத்தைப் போட்டு, சட்டவிரோதமான படம் பார்த்ததாகக் குற்றம் சாட்டி, அபராதம் கட்ட கார்டு எண்ணைக் கேட்கும். கணினி பூட்டப்பட்டதாகத் தோன்றும். பூட்டப்படவில்லை. முழுத்திரையில் விரிந்த வெறும் இணையப் பக்கம்தான் அது.

எஸ்கேப் பொத்தானைச் சில நொடி விடாமல் அழுத்தினால் முழுத்திரை சுருங்கும். எஃப்11 பொத்தானும் உதவும். மூட முடியாவிட்டால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பிரவுசரைத் தேர்ந்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுக்க வேண்டும். அதுவும் நடக்கவில்லை என்றால் பவர் பொத்தானை அமுக்கிப் பிடித்து அணைத்துவிடலாம். மறுபடி பிரவுசரைத் திறக்கும்போது ‘பழைய பக்கங்களை மீட்கவா?’ என்று கேட்கும். மீட்கக் கூடாது, மீட்டால் சைரனும் திரும்ப வரும். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் ஒருபோதும் தொலைபேசி எண் தருவதில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. திரையில் எண் இருக்கிறது என்பதே பொய்க்குச் சாட்சி.

அந்த எண்ணைக் கூப்பிட்டால் நடப்பது இது. எதிர்முனையில் மரியாதையான குரல் பேசும். எனிடெஸ்க் அல்லது டீம்வியூவர் போடச் சொல்லும். அவை நல்ல மென்பொருள்கள். ஆனால் திரையில் தெரியும் குறியீட்டு எண்ணை அந்நியரிடம் சொன்ன நிமிடம் கணினி அவர் கைக்குப் போய்விடுகிறது. விண்டோஸில் சாதாரணமாக எப்போதும் இருக்கும் பிழைப் பதிவுகளைத் திறந்து காட்டி ‘எல்லாம் வைரஸ்’ என்பார். பணம் கேட்பார், அல்லது பணத்தைத் திருப்பித் தருவதாக வங்கிப் பக்கத்தைத் திறக்கச் சொல்வார். இந்தத் தொழிலின் அழைப்பு மையங்கள் இந்தியாவிலேயே இயங்கி அமெரிக்கா, இங்கிலாந்து, ஜெர்மனி வரை முதியவர்களைக் குறிவைத்தன. 2023 அக்டோபரில் சிபிஐ ‘ஆபரேஷன் சக்ரா-2’ என்ற பெயரில் தமிழ்நாடு உள்படப் பல மாநிலங்களில் 76 இடங்களைச் சோதனையிட்டது. மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்களின் பெயரைச் சொல்லி ஏமாற்றிய மையங்களும் அதில் அடக்கம்.

2024 முதல் பரவிவரும் இன்னொரு சூழ்ச்சி இதையும்விடக் கொடியது. ரோபோ சோதனை போலவே ஒரு பக்கம் வரும். விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அமுக்கச் சொல்லும்; பிறகு கண்ட்ரோலும் வி எழுத்தும்; பிறகு எண்டர். மூன்றாவது படியில், அந்தப் பக்கம் ரகசியமாகக் காப்பி செய்து வைத்த கட்டளையைப் பயனர் தம் கையாலேயே ஓடவிடுகிறார். சேமித்த கடவுச்சொற்கள் திருடு போவது இப்படித்தான். இதைச் செய்துவிட்ட கணினியை நம்பவே கூடாது. இணையத்தைத் துண்டித்து, படங்களையும் ஆவணங்களையும் வெளி டிஸ்க்கில் எடுத்துக்கொண்டு, கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்ற வேண்டும். பார்மட் அடிப்பது உண்மையிலேயே நியாயமான சமயம் இது ஒன்றுதான்.

ஒட்டிக்கொண்டு வந்தவை

தளத்தின் அனுமதிகளை நீக்கிய பிறகும் விளம்பரம் தாவுகிறது; தேடினால் கூகுளுக்குப் பதில் வேறு எங்கோ போகிறது; முகப்புப் பக்கம் தானாக மாறுகிறது. இவை எக்ஸ்டென்ஷன் அல்லது கணினிக்குள் நிறுவப்பட்ட ஆட்வேர் என்ற விளம்பர நிரலின் அடையாளங்கள். குரோமில் எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் திறந்து, போட்டது யார் என்று தெரியாத எதையும் நீக்கலாம். கூகுளின் கடையிலிருந்து வந்தது என்பது மட்டும் உத்தரவாதம் ஆகாது. லட்சக்கணக்கானோர் பயன்படுத்திய ‘தி கிரேட் சஸ்பெண்டர்’ கைமாறிய பிறகு, தீங்கான நிரல் இருப்பதாகச் சொல்லி 2021 பிப்ரவரியில் கூகுளே அதை நீக்கியது. நீக்கும் பொத்தான் மங்கிக் கிடந்து, ‘உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்ற வரி வீட்டுக் கணினியில் தெரிந்தால், ஏதோ ஒரு மென்பொருள் விண்டோஸில் விதி எழுதி வைத்திருக்கிறது. சில ஆன்டிவைரஸ்களும் இந்த வரியை வரவழைக்கும் என்பதால் உடனே பதற வேண்டாம். ஆனால் அந்த விதியை அகற்றும் வேலையை விவரம் தெரிந்தவரிடம் விடுவதே சரி.

அடுத்து கண்ட்ரோல் பேனலில் நிறுவிய மென்பொருள்களைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்க்க வேண்டும். தொல்லை தொடங்கிய நாளில் மூன்று நான்கு பெயர்கள் ஒன்றாக நுழைந்திருப்பது தெரியும். ஒன்றைத் தரவிறக்கும்போது ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று அமுக்கிக்கொண்டே போனதில் மற்றவை ஒட்டிக்கொண்டவை. தமிழ் வீடுகளில் இது அடிக்கடி நடக்கும் இடம் தட்டச்சு மென்பொருள். என்எச்எம் ரைட்டர், அழகி போன்றவை நல்ல நோக்கத்தில் இலவசமாகத் தரப்பட்டவை. ஆனால் அவற்றின் பெயரைப் போட்டு, ‘டவுன்லோட்’ என்ற பச்சைப் பொத்தான்களால் பக்கத்தை நிரப்பிய இடைத்தரகர் தளங்களிலிருந்து எடுத்தால் எது இறங்கும் என்று சொல்ல முடியாது. 2019 மே மாத விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து ஒலிபெயர்ப்பு முறைத் தமிழ் விசைப்பலகை விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. தேடிப் போக அவசியமே இல்லை. கிராக் செய்த மென்பொருள்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவு என்று சொல்கிற எதுவும் எதற்காக அப்படிச் சொல்கிறது என்று யோசித்தால் போதும்.

ஒட்டிக்கொண்டு வருவது எத்தனை பெரிய வியாபாரம் என்பதற்கு ‘ஃபயர்பால்’ சான்று. சீனாவின் ராஃபோடெக் என்ற விளம்பர நிறுவனம் இலவச மென்பொருள்களோடு சேர்த்துப் பரப்பிய நிரல் இது. 25 கோடிக் கணினிகளில் இருப்பதாகவும், அதில் 2.53 கோடி இந்தியாவில்தான் என்றும் 2017 ஜூனில் செக் பாயின்ட் நிறுவனம் கணித்தது. எண்ணிக்கை மிகை என்று மைக்ரோசாஃப்ட் மறுத்தது. பிரவுசரைக் கைப்பற்றித் தேடலைத் திருப்பி விடுவதே அதன் பிழைப்பு என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

நிறுவியவற்றை நீக்கிய பின், விண்டோஸ் செக்யூரிட்டியில் டிஃபெண்டரின் முழுச் சோதனையும், அதே இடத்தில் உள்ள ஆஃப்லைன் சோதனையும் ஓட்டலாம். இரண்டாவது, விண்டோஸ் முழுதாக எழும் முன்பே தேடுவதால் ஒளிந்திருப்பது பிடிபட வாய்ப்பு அதிகம். மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் ஆட்வ்கிளீனர் இதற்கென்றே உள்ள இலவசக் கருவி. அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2017 பிப்ரவரியில் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திராவும் துப்புரவுக் கருவிகளை இலவசமாகத் தருகிறது. கடைசியாக குரோமின் ‘ரீசெட்’. அது எக்ஸ்டென்ஷன்களை முடக்கி அமைப்புகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். புக்மார்க்கும் கடவுச்சொற்களும் அப்படியே இருக்கும்.

மாவட்டத்தில் பல வீடுகளில் ஓடுவது, 2011 முதல் தமிழக அரசு பிளஸ் டூ மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினி. அக்கா படித்தது, தம்பி படித்தது, இப்போது அப்பா பட்டா சிட்டா பார்ப்பது. அதில் இன்னும் விண்டோஸ் 7 இருந்தால், மைக்ரோசாஃப்டின் பாதுகாப்பு 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டது. குரோமும் 2023 தொடக்கத்தில் 109ஆம் பதிப்போடு விண்டோஸ் 7க்கும் 8.1க்கும் விடை கொடுத்துவிட்டது. பழைய பிரவுசரில் எத்தனை முறை துடைத்தாலும் அழுக்கு படியும். இலகுவான லினக்ஸ் இயங்குதளம் ஒன்றைப் போட்டால் அதே கணினி பத்திரமாக இன்னும் சில வருடம் உழைக்கும். அந்த மடிக்கணினிகள் பலவற்றில் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. பெரும்பாலான வீடுகளில் அதை யாரும் திறந்துகூடப் பார்த்ததில்லை என்பது வருத்தத்துக்குரியது.

ஒரே பாப்-அப் கணினியிலும் வருகிறது, வைஃபையில் இருக்கும் போனிலும் வருகிறது, போனை மொபைல் டேட்டாவுக்கு மாற்றினால் வருவதில்லை என்றால் சந்தேகம் மோடத்தின் மேல் விழ வேண்டும். தளத்தின் பெயரைக் கொடுத்தால் சரியான முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் அமைப்பை யாரோ மாற்றியிருக்கலாம். ‘டிஎன்எஸ் சேஞ்சர்’ என்ற தீநிரல் 100க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கணினிகளை இப்படித் திசை திருப்பி விளம்பரப் பணம் சம்பாதித்தது. 2011 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ வழக்கில் எஸ்டோனியர்கள் ஆறு பேர் கைதானார்கள். மோடத்துக்குள் நுழைவது எளிது, ஏனென்றால் ‘அட்மின்’ என்ற தொழிற்சாலைக் கடவுச்சொல்லை வீடுகளில் மாற்றுவதே இல்லை. 2017 ஜூலையில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடம்கள் தாக்கப்பட்டபோது மாட்டியவை கடவுச்சொல் மாற்றாத மோடம்களே. மோடத்தை ரீசெட் செய்து, கடவுச்சொல்லை மாற்றி, டிஎன்எஸ்ஸைச் சரிபார்ப்பது கேபிள்காரரையோ இணைப்புக் கொடுத்தவரையோ கூப்பிட்டுச் செய்ய வேண்டிய வேலை.

இத்தகைய மோசடியில் பணம் போயிருந்தால் கணினியைச் சுத்தம் செய்வதைத் தள்ளிப்போடலாம். இணையத்தைத் துண்டித்து, எனிடெஸ்க் போன்றதை நீக்கி, வங்கிக்குச் சொல்லி கார்டையும் நெட்பேங்கிங்கையும் நிறுத்திய கையோடு 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். மத்திய உள்துறையின் இந்த ஏற்பாடு 2021 முதல் வங்கிகளோடு நேரடியாக இணைந்து இயங்குகிறது. பணம் கைமாறி எடுக்கப்படும் முன் தகவல் போனால் வழியிலேயே முடக்க முடியும். இரவானாலும் ஞாயிறானாலும் காத்திருக்கக் கூடாது. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம். பெட்டியை அல்லது பக்கத்தைப் போனில் எடுத்த படம், அதிலிருந்த தள முகவரி, கூப்பிட்ட எண், பேசிய நேரம், பணப் பரிமாற்ற எண், வங்கிக் குறுஞ்செய்தி ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். ஆள்மாறாட்டம் செய்து கணினி வழி ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமும் உண்டு. 1930இல் கிடைத்த புகார் எண்ணோடு நாகர்கோவிலிலுள்ள மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரில் போகும்போது, மடிக்கணினியாக இருந்தால் அதையும் பார்மட் அடிக்காமல் கையோடு எடுத்துப் போகலாம்.